புல் காய்ந்த படலம்

வாழி கமலநாதன்.

கிள்ளான் துறைமுகத்தின் நாற்பது மீட்டர் உயர இரும்புக் கொக்காம் கிரேனின் தலைக்குள் முப்பத்தோராண்டு வீற்றிருந்து, கடல்கடந்து வந்த கண்டெய்னர்களைக் கோழிக்குஞ்சைக் கவ்வும் பருந்தெனக் கவ்வி, கரையில் நின்ற லோரிகளின் முதுகில் முல்லைப்பூவை வைப்பதுபோல் இறக்கி வைத்த கைவண்ணத்தோன் வாழி. மஞ்சள் ஹெல்மெட்டை மணிமுடியாகவும், வாக்கிடாக்கியை வலம்புரிச் சங்காகவும், முழங்கால் வலியை விழுப்புண்ணாகவும் தரித்தோன் வாழி. ஓய்வுபெற்ற நாளில் பரிசாகக் கிடைத்த சுவர்க்கடிகாரத்தை இன்றுவரை பெட்டியிலிருந்து எடுக்காமல் அலமாரிமேல் வைத்திருக்கும் பற்றற்றோன் வாழி. அவன் புகழை முழுதும் பாட ஆயிரம் நாவுள்ள ஆதிசேடனாலும் ஆகாது. ஒரு நா உள்ளவர்கள் அவனுடைய புல்லைப் பற்றி மட்டும் பாடி நிறுத்திக்கொள்வது நல்லது.

நாட்டைப் பாடாமல் நாயகனைப் பாடக் கூடாது என்பது விதி. ஆகவே கேளீர். காலை எட்டுக்கே வெயில் முதுகில் ஏறுவதும், பிற்பகல் நான்குக்குச் சொல்லி வைத்தாற்போல் வானம் இடித்துப் பெய்வதும், பதினெட்டுச் சக்கர லோரிகள் மதயானைக் கூட்டம்போல் நெடுஞ்சாலையில் பிளிறிச் செல்வதும் இயல்பாகக் கொண்ட கிள்ளான் என்னும் திருநாட்டில், தாமான் மெலாத்தி என்றொரு குடியிருப்பு உண்டு. அதன் மூன்றாம் தெருவில் இருபத்திரண்டு வீடுகள். இருபத்தொரு வீட்டார் தத்தம் முன்வாசலுக்குச் சிமெண்டு பூசி, சிமெண்டுக்குமேல் டைல்ஸ் பதித்து, டைல்ஸுக்குமேல் காரை நிறுத்தி, மண் என்பதைப் பூச்சட்டிக்குள் மட்டும் உயிரோடு விட்டுவைத்திருந்தனர். எஞ்சிய மூலை வீட்டில் மட்டும், இருபதடி நீளமும் பன்னிரண்டடி அகலமுமாய், மரகதத்தை உருக்கி வார்த்தாற்போலவும், கிளிகளின் மாநாடு கலைய மறந்தாற்போலவும், பச்சைப் பசேலென விளங்கியது கமலநாதனின் புல்தரை.

அது பிலிப்பைன் புல். ஊசிபோல் மெல்லியது, ராஜகுமாரிபோல் அடம் பிடிப்பது. அதை அவர் சதுரம் சதுரமாக வாங்கிவந்து பதித்தார். ஞாயிறுதோறும் மழித்தார். ஓரங்களை நீண்ட காம்பு வைத்த கத்தரியால் நேராக்கினார். காம்பு நீண்டதற்குக் காரணம் உண்டு. குனிதல் என்பது அவர் வழக்கத்தில் இல்லை. முப்பத்தோராண்டு உலகை மேலிருந்து பார்த்தவருக்கு, கீழிருந்து பார்த்தால் எதுவும் புரியாது என்பது உறுதியான கொள்கை. ஆகையால் மேல்மாடி அறையின் ஜன்னலையே தம் புதிய கிரேன் அறையாக்கி, காலையில் ஒரு குவளை கோப்பியும் மாலையில் ஒரு குவளை தேநீரும் அருந்தியபடி, தம் பச்சை ராஜ்ஜியத்தை அங்கிருந்து பரிபாலித்துவந்தார்.

இப்படி நல்லாட்சி நடந்துகொண்டிருந்த நாளில், ஜூன் மாதத்து ஒரு காலையில், வாயிலோரம் ஒரு தோசையளவுக்குப் புல் பழுத்துக் கிடந்தது. நடுவே வைக்கோல் நிறம். அதைச் சுற்றி மற்றெல்லாப் புல்லையும்விடக் கருத்துச் செழித்த பச்சை வளையம். இந்த வளையம் நாய் மூத்திரத்தின் கையெழுத்து. நடுவில் சுடும், ஓரத்தில் உரமாகும். அந்தக் கையெழுத்தை இட்டவன் மைலோ. பக்கத்து வீட்டு அம்புரோஸ் வளர்க்கும், மைலோ என்னும் சாக்லேட் பானத்தின் நிறமே நிறமான, நீண்ட உடலும் குறுகிய காலும் உடைய, பன்னிரண்டு வயது வயோதிகன். வாயிற்கதவின் கீழிடுக்கில் நுழைந்து ஒரே ஒருமுறை அவன் இழைத்த குற்றம் அது. உண்மையை மறைப்பானேன்.

அன்று வேலியருகே நின்று கமலநாதன் முழங்கிய முழக்கம் தெருக்கோடிவரை கேட்டது.

“அம்புரோசு, துறைமுகத்துல நான் பார்க்காத திருட்டு இல்ல. வெளிச்சம் இருக்கிற எடத்துல திருடன் கால் வைக்க மாட்டான். இன்னிக்கு ராத்திரிலேர்ந்து இந்தக் கம்பவுண்டுல இருட்டே கிடையாது.”

“நாய்க்கு மூத்திரம் வந்தா வெளிச்சம் இருட்டு பார்க்காது லா, நாதன்,” என்றார் அம்புரோஸ். பள்ளிக்கூட அறிவியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். எதையும் மெதுவாகச் சொல்லுவார்.

சொன்னதைச் செய்தார் கோமான் கமலநாதன். ஹார்ட்வேர் கடையிலேயே மிகப் பெரிய ஃபிளட்லைட்டைக் கொணர்ந்து, போர்ட்டிகோத் தூணில் ஏற்றினார். பொழுது சாய்ந்ததும் தானே கண் விழித்து, விடிந்ததும் தானே கண் மூடும் மந்திர விளக்கு. முதல் நாள் மாலை அது விழித்தபோது, இரண்டாம் கதிரவன் எழுந்ததென மயங்கிக் கூட்டில் அடைந்த குருவிகள் மீண்டும் வெளியே வந்தன; எதிர்வீட்டுச் சேவல் இரண்டுமுறை கூவிவிட்டு வெட்கப்பட்டது; அம்புரோஸ் போய்க் கனத்த திரைச்சீலை வாங்கினார். மைலோ அன்றோடு அந்தப் பக்கம் வருவதை விட்டான். வெற்றி, வெற்றி என்று மேல்மாடியில் தேநீர் பருகினார் கமலநாதன்.

ஆனால் காப்பியத்தில் முதல் வெற்றி என்பது அடுத்த அடிக்கு நாள் குறிப்பது.

ஆகஸ்டு கடைசியில் புல் மீண்டும் பழுத்தது. இம்முறை ஒரு தோசை அல்ல, தோசைக் கடையே. இங்கொன்று, அங்கொன்று, பிறகு அதுவும் இதுவும் கைகோத்து, கரைமுறிந்த தீவுகள்போல் ஒழுங்கற்று விரிந்தது பழுப்பு. வளையம் எதுவும் இல்லை. கிட்டப் போய்ப் பார்த்திருந்தால் அந்த வேறுபாடு தெரிந்திருக்கும். மேலிருந்து பார்த்தால் பழுப்பு பழுப்புதான்.

தாகம் என்று எண்ணினார் முதலில். நான்கு மணி மழை தவறாமல் பெய்யும் ஊரில், மழைக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் குழாய் பிடித்து வருணனுக்கே வகுப்பெடுத்தார். புல் ஒரு மடக்கும் குடிக்கவில்லை. நடந்து பார்த்தார். காலடியில் தரை பஞ்சு மெத்தையென அமுங்கி எழுந்தது. “பார்த்தியா குமுதா, எவ்ளோ மெத்துனு இருக்கு, உரம் பிடிச்சிருக்கு,” என்று மனைவியிடம் மகிழ்ந்தார். புல்தரை மெத்தென்று இருப்பது, காய்ச்சல்காரன் உடம்பு கதகதப்பாக இருப்பதைப் போன்றது. அதைப் பார்த்து மகிழ்வதற்கு ஒரு தனித் துணிவு வேண்டும். அந்தத் துணிவு அவரிடம் இருந்தது.

பின், நாய்தான் என்று தெளிந்தார். ஒரு விளக்கின் ஒளி எட்டாத மூலைகள் வழியே மைலோ வருகிறான் என்று போர்த்திட்டம் வகுத்து, இரண்டாவது ஃபிளட்லைட்டை மாட்டினார். பழுப்பு இரண்டு மடங்கு வேகத்தில் பரவியது.

“இந்த வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு வாலு தெரிஞ்சாலும், அம்புரோசு, நான் பேச மாட்டேன். முனிசிபல் கவுன்சில்தான் பேசும்.”

“மைலோ காலு வலின்னு ரெண்டு மாசமா படியே இறங்கல, நாதன். டாக்டர் சீட்டு காட்டவா?”

“சீட்டு எவன் வேணும்னாலும் எழுதுவான்.”

இவ்வாறு வேலிக்கு இருபுறமும் மௌனம் முள்ளாய் முளைத்தது. பதினாறாண்டு தீபாவளிக்கு முறுக்கும் கிறிஸ்துமசுக்குக் கேக்கும் ஏறி இறங்கிய அந்த வேலியில், இப்போது காக்கை மட்டும் ஏறி இறங்கியது.

இதுகாறும் வாய் திறவாதிருந்த குமுதா, தீபாவளிக்கு இருபத்தைந்து நாள் இருக்கையில் திறந்தாள். திறந்தால் மூடமாட்டாள் என்பது தெருவறிந்த செய்தி.

“இங்க பாருங்க. தீபாவளி ஓப்பன் ஹவுஸ் விருந்துக்கு எம்பது பேர் வருவாங்க. இந்தச் சொரி புடிச்ச புல்லு மேல நான் மேசை போட மாட்டேன். சிமெண்டு ஆளு சனிக்கிழமைதான் ஃப்ரீயாம், வரச் சொல்லிட்டேன்.”

கேட்டதும், இடியுண்ட நாகம்போலவும், கப்பலுக்கும் கரைக்கும் நடுவே மின்சாரம் நின்றுபோன கண்டெய்னர்போலவும் தொங்கினார் கமலநாதன். சிமெண்டு. இருபத்திரண்டாவது வீடும் சாம்பல் நிறம். ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஏதுமில்லாத காலை. பரிபாலிக்க ஏதுமில்லாத மாலை. ஓய்வுபெற்ற ஒருவருக்கு நாள் என்பது எவ்வளவு நீளம் என்று ஓய்வுபெற்றவருக்குத்தான் தெரியும்.

அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குமுதா ஒரு வரம் அளித்தாள்.

“சரி. ஏன் சாவுதுன்னு காரணம் சொல்லுங்க. சரியான காரணம். சொன்னா விட்டுர்றேன். என்ன வியாதின்னே தெரியாம ஊத்திக்கிட்டு இருக்க முடியாது. சனிக்கிழமை காலையிலதான் லோரி வருது.”

அன்று செவ்வாய். புதனன்று பறவைப்படை வந்தது.

மைனாக்கள். மஞ்சள் அலகு, மஞ்சள் கால், கண்ணோரம் மஞ்சள் மை தீட்டிய கருஞ்சட்டைச் சேனை. முதல் நாள் ஆறு, மறுநாள் இருபது, வெள்ளியன்று எண்ணுவோர் கண் பூக்கும் அளவு. நெஞ்சை நிமிர்த்தி, பழுப்பும் பச்சையும் சந்திக்கும் எல்லையில் அணிவகுத்து நடந்து, அலகைத் தரையில் செருகி, திருகி, எதையோ இழுத்து விழுங்கி, அடுத்த அடி வைத்தன. அவை போன இடமெல்லாம் புல் பெயர்ந்து, உழுத வயல்போல் கிடந்தது. மேல்மாடி ஜன்னலில் கமலநாதன் எழுந்து நின்றார். கண்டுகொண்டேன் காரணம் என்று கர்ச்சித்தார். நாயன்று, பறவை. புல்லை வேரோடு பிடுங்கும் பாதகப் பறவை.

வெள்ளி மாலை ஐந்தரை. மழை விட்ட ஈரம். ஒரு கையில் ரப்பர்க் குழாயை வருணாத்திரமாகவும், மறுகையில் விளக்குமாற்றைத் தண்டாயுதமாகவும் ஏந்தி, இடுப்பில் சாரத்தை இறுக்கி, ஜப்பான் சிலிப்பர் சடசடக்கக் களம் புகுந்தார் வீரர். அவர் வலப்புறம் பாய, படை இடப்புறம் எழுந்தது. இடப்புறம் பாய, வலப்புறம் இறங்கியது. நீர் வில்லாய் வளைந்து அம்பாய்ப் பாய்ந்து வேலியைக் குளிப்பாட்டியது. கொடியில் காய்ந்த குமுதாவின் நைட்டி மூழ்கியது. ஒரு மைனா விளக்குமாற்றின் நுனியிலேயே அமர்ந்து அவரை ஒருக்களித்துப் பார்த்தது. பேரரசர்களை எவரும் பார்க்கத் துணியாத பார்வை அது.

வேலிக்கு அப்பால் நாற்காலி போட்டு, மடியில் மைலோவுடன் அம்புரோஸ் உட்கார்ந்திருந்தார். பதினொரு நாள் மௌனத்தை அவர் முதலில் கலைத்தார்.

“நாதன், மைனா என்னிக்கு சைவமாச்சு?”

“என்ன?”

“இல்ல, மைனா புல்லு திங்காதே. அப்ப அது என்ன திங்குது?”

இந்தக் கேள்வி ஒரு வேல்போல் வந்து நெஞ்சில் தைத்தது. தைத்ததை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. “வாய மூடுய்யா,” என்று திரும்பி, விளக்குமாற்று மைனாவை நோக்கி இறுதிப் பாய்ச்சல் பாய்ந்தார். இடச் சிலிப்பர் நின்றது. வலக்கால் போனது. முப்பத்தோராண்டு வானில் வாழ்ந்த மேனி, ஆலமரம் அடியோடு சாய்ந்தாற்போல், தேர் அச்சு முறிந்தாற்போல், தன் புல்தரையில் முதன்முறையாக முழுநீளமும் கிடந்தது.

விழுகையில் பிடிப்புத் தேடிய கை புல்லைப் பற்றியது. புல் வந்தது. ஒரு கொத்து அன்று. இரண்டடிக்கு இரண்டடி, பாய் சுருட்டியதுபோல், கல்யாண மண்டபத்தில் கடைசி விருந்தாளி போனபின் கம்பளம் சுருட்டியதுபோல், எதிர்ப்பே இல்லாமல் எழுந்து கையோடு வந்தது. புரட்டிப் பார்த்தார். அடியில் வேர் இல்லை. பதித்து மூன்றாண்டான புல்லுக்கு, நேற்று முளைத்த மீசைபோல் நாலைந்து இழை. அவ்வளவுதான். இவ்வளவு நாளும் தண்ணீர் ஊற்றியது வாயே இல்லாத முகத்துக்கு.

பிறகு மண்ணைப் பார்த்தார். மூக்குக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு சாண்.

அங்கே அவை கிடந்தன. தேங்காய்ப்பால் வெண்மை. விரல் கணுவளவு பருமன். ஒவ்வொன்றும் மூன்றாம் பிறைபோல் வளைந்து, தலையைச் செம்பழுப்புக் கவசத்தில் பொதிந்து, கழுத்தோரம் ஆறு காலை மடக்கி, கருத்த பின்புறத்தைச் சுருட்டி, பகலுணவுக்குப் பின் தொழிற்சாலைக் கண்காணிப்பாளர் உறங்குவதுபோல் நிம்மதியாக உறங்கின. வேரை உண்டு, வேரை உண்டு, வேறொன்றும் அறியாத பாதாளச் சேனை. மைனாக்கள் பகைவர் அல்லர்; துணைக்கு வந்த படை. அவர்களைத்தான் இவ்வளவு நேரம் குழாயால் அடித்தார் கோமான்.

“அம்புரோசு,” என்றார், தரையிலிருந்து, தாழ்ந்த குரலில். “இங்க வாயேன்.”

அம்புரோஸ் மண்வெட்டியும் காலி பிஸ்கட் டின்னுமாக வந்தார். முழங்கால் வலியை மறந்து இரு கிழவர்களும் மண்டியிட்டனர். செத்துப்போன பழுப்பின் நடுவில் தோண்டினால் ஒன்றோ இரண்டோதான். தின்று முடித்த பந்தியில் யார் உட்காருவார்? பழுப்பு முடிந்து பச்சை தொடங்கும் ஓரத்தில் ஓரடிச் சதுரம் வெட்டிப் புரட்டியதும் டின் நிறைந்தது. அம்புரோஸ் எண்ணினார்.

“பதினேழு. ஓரடிக்கு நாலஞ்சு இருந்தா புல்லு தாங்கும். பதினேழுக்கு ராணுவமே தாங்காது.”

“என்ன சனியன் இது?”

“வேர்ப்புழு. வண்டோட பிள்ளை. எங்க லேப்ல கண்ணாடிப் போத்தல்ல இருந்துச்சு. முட்டை, புழு, கூடு, வண்டு, நாலு போத்தல். முப்பது வருசம் நான்தான் தூசு தட்டுனேன்.”

“வண்டு எங்கேர்ந்து வந்துச்சு?” இது குமுதாவின் குரல். நனைந்த நைட்டியை ஒரு கையிலும் தோசைக் கரண்டியை மறுகையிலும் ஏந்தி, கொற்றவைபோல் வாசற்படியில் நின்றாள். “தெருவே சிமெண்டு. எல்லா வண்டும் நம்ம வீட்டுக்குத்தான் வரணும்னு யாரு சொன்னா?”

ஏழு பத்து. மேற்கே செவ்வானம் மங்கியது. தூணில் இருந்த இரு விளக்குகளும், தம் வேளை தவறாத தவசிகளாய், ஒருசேரக் கண் விழித்தன. களம் வெள்ளொளியில் நனைந்தது.

டப்.

ஒன்று விளக்கில் மோதிப் புல்லில் விழுந்தது. டப், டப். பழுப்பு நிறச் சின்ன வண்டுகள், தெருவின் எல்லா மரங்களிலிருந்தும், இருட்டைப் பிளந்து, திருவிழாவுக்கு வண்டி கட்டி வரும் சனங்களைப்போல் வந்தன. ஒளியில் முட்டின. புல்லில் வீழ்ந்தன. வீழ்ந்தவை எழுந்து பறக்கவில்லை. பச்சை இழைகளை விலக்கி, பதமான ஈர மண்ணுக்குள், பிரசவ ஆஸ்பத்திரிக்குள் நுழைவதுபோல் ஒவ்வொன்றாய் இறங்கின. தெருவில் மண் இருந்த ஒரே வீடு. அந்த வீட்டில் வழிகாட்ட இரண்டு கலங்கரை விளக்கம். இரவெல்லாம்.

அம்புரோஸ் விளக்கைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். பார்க்க வேண்டிய ஆளைப் பார்க்கவில்லை. அது அவருடைய பெருந்தன்மை.

கமலநாதனுக்கு எல்லாம் விளங்கியது. ஜூன் மாதம் விளக்கு, ஆகஸ்டில் பழுப்பு. இரண்டாம் விளக்கு, இரண்டு மடங்கு பழுப்பு. கணக்கு அத்தனை நேராக இருந்தது, ஒரு கண்டெய்னரின் விளிம்புபோல. வண்டு என்று மட்டும் சொல்லி நிறுத்தலாம். வண்டுக்கு வாய் இல்லை, மறுக்காது. மைலோவுக்கும் வாய் இல்லை. ஆனால் குமுதா கேட்டது சரியான காரணம். சரியான காரணத்தைச் சொன்னால் புல் பிழைக்கும். சொல்லுகிறவன் பிழைப்பது சிரமம். விடிந்தால் லோரி.

அந்தக் கணத்தில் நேர்ந்த போர்தான் இந்தப் படலத்தின் பெரும்போர். மானம் ஒருபுறம் யானைமேல் ஏறி நின்றது; பன்னிரண்டடிப் பச்சை மறுபுறம் வெறுங்கையோடு நின்றது. முரசு அதிர்ந்தது, சங்கம் ஒலித்தது, திசையானைகள் செவி மடல் அசைக்காமல் காத்தன, மைலோகூட வேலியிடுக்கில் மூக்கை வைத்துப் பார்த்திருந்தான். மண்டியிட்ட நிலையிலேயே, முழங்காலில் சேறும் மீசையில் புல்லுமாக, தலை நிமிராமல் திருவாய் மலர்ந்தார் கோமான்.

“என் லைட்டுதான், குமுதா. வண்டு லைட்டுக்கு வருது. நான்தான் கூப்பிட்டு வச்சிருக்கேன்.” சற்று நிறுத்தி, “அவன் நாய் ஒரு தடவதான் பண்ணுச்சு,” என்றார்.

அகிலம் நின்றது. தோசைக் கல்லில் ஏதோ தீய்ந்தது.

குமுதா கணவரைப் பார்த்தாள், பிஸ்கட் டின்னைப் பார்த்தாள், பின் கரண்டியைக் கக்கத்தில் இடுக்கிக் கைப்பேசியை எடுத்தாள். “ஹலோ, பாஸ். எசோக் தக் பாயா டாத்தாங் லா. ஆமா, நாளைக்கு வர வேணாம், சிமெண்டு வேணாம். காரணம் கிடைச்சிருச்சு.” வைத்துவிட்டு, “எம்பது பேருக்கும் மேசை எங்க போடுறது?” என்றாள்.

“எங்க வாசல்ல போடுங்க தங்கச்சி. எங்களுது சிமெண்டுதானே,” என்றார் அம்புரோஸ். “நாதன், அந்தப் புல்லுப் பாய எல்லாம் சுருட்டி வை. காலைல மைனாங்களுக்கு ஓப்பன் ஹவுஸ்.”

“ரெண்டு பேரும் கைய கழுவிட்டு வாங்க,” என்றாள் குமுதா. “அண்ணே, நீங்களும்தான்.”

அன்று வீழ்ந்து எழுந்தோன், வானாண்டு மண்ணறிந்தோன், மைனாச் சேனையின் மன்னிப்பைப் பெற்றோன், மைலோவின் வாலசைப்பால் வாழ்த்தப்பெற்றோன், சேற்றையே சந்தனமாய்ப் பூசிய செம்மல், தூணை நோக்கி நடந்த நடையை எந்தச் சொல்லால் பாடுவது.

கமலநாதன் லைட்டை அணைத்துவிட்டு வந்தார், மூன்று பேரும் தோசை சாப்பிட்டார்கள், சட்னியில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது.